சைக்கிள் பந்தய மலையேற்றத்தில் இருவர் ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டிருந்தால், மூன்றாமவரைத் துரத்த வேண்டியவர் யார்?

கோபிக்காரன் (கோபிசெட்டிபாளையம்) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியின் மூன்று வாரச் சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில், 2025ஆம் ஆண்டின் இருபதாம் கட்டத்தை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) இந்த வாரம் மூன்றாவது முறையாக முழுமையாகப் பார்த்து முடித்தேன். நேரலையில் பார்த்த அன்று ஐசக் டெல் டோரோவின் மீது எனக்கு வந்த கோபம் இப்போது இல்லை. ஆனால் அவர் ஏன் துரத்தவில்லை என்ற கேள்வி மட்டும் முள்ளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. இங்கே என்னைவிட நெடுங்காலமாகப் பார்ப்பவர்களும் மலையில் வாரந்தோறும் ஓட்டுபவர்களும் இருப்பதால் கேட்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மே 31 அன்று வெர்ரேஸிலிருந்து செஸ்ட்ரியரே வரை 205 கிலோமீட்டர். மறுநாள் ரோம் நகரில் சமதளக் கட்டம் என்பதால், மூன்று வாரப் பந்தயத்தின் முடிவை மாற்றக்கூடிய கடைசி நாள் அதுவே. 21 வயதான டெல் டோரோ, மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்குரிய இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்தார். ரிச்சர்ட் கரபாஸ் அவரைவிட 43 வினாடிகளும், சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 வினாடிகளும் பின்தங்கியிருந்தனர். கோலே டெல்லே ஃபினெஸ்ட்ரே என்னும் ஏற்றம் 18.5 கிலோமீட்டர் நீளம், சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்கும் மேல், கடைசி 8 கிலோமீட்டர் தார் போடாத மண் சாலை. அடிவாரத்திலேயே கரபாஸ் பாய்ந்தார். டெல் டோரோ அவருடைய சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டார். தமக்கு ஏற்ற வேகத்தில் பின்னால் ஏறிவந்த யேட்ஸ் இருவரையும் எட்டி, சில முறை முயன்று, மண் சாலை தொடங்குவதற்கு முன்பே தனியாகப் பிரிந்துவிட்டார். அதன் பிறகு நான் திரையில் கண்டதெல்லாம், இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஏறியதும், இடைவெளி சிறுகச் சிறுக வளர்ந்ததும்தான். உச்சியில் அது 1 நிமிடம் 21 வினாடியைத் தாண்டிவிட்டது. இறக்கத்துக்குப் பிறகு, முன்னதாகவே சென்ற குழுவில் இருந்த யேட்ஸின் அணித்தோழர் வௌட் வான் ஆர்ட் காத்திருந்து அவரை இழுத்துச் சென்றார். பந்தயம் முடிந்தபோது டெல் டோரோ 3 நிமிடம் 56 வினாடியும், கரபாஸ் 4 நிமிடம் 43 வினாடியும் யேட்ஸுக்குப் பின்னால் இருந்தார்கள்.

என்னை மிகவும் பாதித்த கணக்கு ஒன்று உண்டு. அன்று காலை அந்த இருவருக்கும் இடையே இருந்தது 43 வினாடி. எல்லாம் முடிந்த பின் இருந்தது 47 வினாடி. அந்தச் சிறு இடைவெளியைக் காத்துக்கொள்வதற்காகவே இருவரும் முதலிடத்தைக் கைவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்தமாகக் கேட்பதற்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. சென்ற மாதம் நாங்கள் மூவர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறினோம். அரவேணு டீக்கடை வரை யார் முதலில் என்பது எங்களுக்குள் நெடுநாள் போட்டி. குஞ்சப்பனையைத் தாண்டியதும் மூன்றாமவர் எழுந்து மிதித்துப் பிரிந்தார். நான் அடுத்தவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "நீங்க முன்னால போங்க, நான் கூடவே வாறேனுங்க" என்றார். நான் முன்னால் போனால் கடைசி வளைவில் அவர் என்னை முந்துவார் என்பது எனக்குத் தெரியும். அவர் முன்னால் போனால் நான் அதையே செய்வேன் என்பது அவருக்குத் தெரியும். இருவரும் மூச்சு வாங்காமல், ஏறக்குறைய உலாப் போவது போல, இரண்டு கிலோமீட்டர் ஏறினோம். நாங்கள் அரவேணுவை அடைந்தபோது மூன்றாமவர் ஒரு டீ குடித்து முடித்து, இரண்டாவது வர்க்கியைக் கையில் வைத்திருந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் காலில் வலு இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தவில்லை. இது உடம்பின் தோல்வியா, கணக்கின் தோல்வியா? தொழில்முறை வீரர்கள் இந்த நிலையில் எப்படி முடிவெடுக்கிறார்கள்?


காற்றாலை (பல்லடம்) – பதில்

தம்பி, நல்ல கேள்வி. நீங்கள் டெல் டோரோவின் மீது கொண்ட கோபம் தணிந்தது நல்லதுதான். அவருடைய இடத்தில் இருந்து பார்த்தால் அவர் செய்தது முட்டாள்தனம் அல்ல என்பது என் கருத்து.

நம் பக்கத்து ரேக்ளாவை எண்ணிப் பாருங்கள். 200 மீட்டரோ 300 மீட்டரோ, ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாக ஓடுகிறது. கடிகாரம் தீர்ப்புச் சொல்கிறது. பக்கத்து வண்டிக்காரர் என்ன நினைக்கிறார் என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. சைக்கிளில் தனிநபர் நேரப் பந்தயம் அப்படிப்பட்டது. கட்டப் பந்தயம் அப்படி அல்ல. நீங்கள் செலவழிக்கும் உழைப்பில் ஒரு பகுதியை எதிராளி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு இலவசமாக எடுத்துக்கொள்ள முடியும். இந்த ஒரு காரணத்தால்தான் இந்த விளையாட்டில் வலிமை மிக்கவர் எல்லா நாளும் வெல்வதில்லை.

ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து உடுமலைச் சாலையில் கேத்தனூர்ப் பக்கம் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, முன்னால் இருப்பவரின் சக்கரத்துக்குச் சற்றுச் சாய்வாக, காற்று வராத பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டவருக்கு ஓரளவு நிம்மதி. சாலை ஓரத்தில் இடம் கிடைக்காமல் கடைசியில் மாட்டிக்கொண்டவர் அரை மணி நேரத்தில் தனித்துவிடுவார். நான் அப்படித் தனித்து, காற்றாலைகளின் நிழலை எண்ணியபடி வீடு வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. காற்றை வாங்குபவர் ஒருவர், பயனை அடைபவர் வேறொருவர் என்ற இந்த அநீதி வீரர்களின் எலும்பு வரை ஊறியிருக்கிறது. அதனால்தான் மலையிலும், "நான் இழுத்தால் இவர் வெல்வார்" என்ற எண்ணம் எழுந்தவுடன் கால் தானாகத் தளர்ந்துவிடுகிறது.

இதே ஃபினெஸ்ட்ரேயில் 2018இல் நடந்ததைப் பாருங்கள். மே 25 அன்று, முடிவுக்கு 80 கிலோமீட்டர் இருக்கையில் கிறிஸ் ஃப்ரூம் தனியாகப் பிரிந்தார். அவருக்குப் பின்னால் டாம் டூமுலான், திபோ பினோ, பினோவின் அணித்தோழர் ரைஷென்பாக், மிகேல் ஆங்கெல் லோபஸ், கரபாஸ் என ஐவர் இருந்தனர். ஐவரும் மாறி மாறி இழுத்திருந்தால் ஒருவரைப் பிடிப்பது கடினமாக இருந்திருக்காது. ஆனால் லோபஸும் கரபாஸும் இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சிக்காகத் தங்களுக்குள் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் வந்து இழுக்க அவர்களுக்கு விருப்பமே இல்லை. டூமுலான், ரைஷென்பாக்கின் உதவி கிடைக்கும் என்று இறக்கத்தில் அவருக்காகக் காத்திருந்தார். ரைஷென்பாக்கோ இறக்கத்தில் நிதானமானவர். அங்கே போன வினாடிகள் திரும்பவில்லை. ஃப்ரூம் 3 நிமிட வித்தியாசத்தில் கட்டத்தை வென்று, டூமுலானைவிட 40 வினாடி முன்னிலையுடன் இளஞ்சிவப்பு ஜெர்சியை அணிந்தார். டூமுலான் உலகின் தலைசிறந்த நேரப் பந்தய வீரர்களில் ஒருவர். அவரே அன்று பிறர் துணையை நம்பி நின்றார் என்றால், 21 வயது இளைஞரைக் குறைகூறுவது நியாயமா?

அன்று இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்து, அதே மலையில் நொறுங்கி, 38 நிமிடத்துக்கும் மேல் இழந்தவர் சைமன் யேட்ஸ். ஏழு ஆண்டுகள் கழித்து அதே மண் சாலையில் அவர் அந்த ஜெர்சியைத் திரும்பப் பெற்றதைப் பார்த்தபோது என் கண்கள் கலங்கின. துரத்தும் குழுவில் கரபாஸ் இரண்டு முறையும் இருந்தார், இரண்டு முறையும் முன்னால் போனவர் ஜிரோவை வென்றார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.


ஆழியாறு (பொள்ளாச்சி) – பதில்

பல்லடத்து அண்ணன் சொன்னதில் பாதியை மதிக்கிறேன். மற்றப் பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது. நான் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். விடுமுறை நாட்களில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வரையாவது ஏறிவிட்டுத் திரும்புவது வழக்கம். கேத்தனூரின் காற்றைக் கொண்டு ஃபினெஸ்ட்ரேயை அளக்கக் கூடாது என்பதே என் வாதம்.

வீரரும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, காற்றைத் தள்ளுவதற்கே சுமார் 250 வாட் தேவைப்படும். டயரின் உருள் உராய்வுக்கு 30 வாட் போதும். ஒட்டி வருபவர் காற்றின் சுமையில் மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினாலும் அது 80 வாட்டுக்கு மேல். பெரிய லாபம். இப்போது 9 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 310 வாட். காற்றுக்கு ஏறத்தாழ 20 வாட்தான். ஒட்டி வருபவர் மிச்சம் பிடிப்பது ஆறு அல்லது ஏழு வாட். அதாவது, ஃபினெஸ்ட்ரேயில் டெல் டோரோ முன்னால் நின்று சீராக இழுத்திருந்தாலும், கரபாஸுக்கு அவர் கொடுத்திருக்கக்கூடிய இலவச உதவி மிகச் சிறியது. தம் எடையைத் தாமே சுமந்துதான் கரபாஸும் மேலே வர வேண்டும். சரிவு கூடக் கூட, ஒட்டி வருபவரின் சலுகை கரைந்துபோகிறது.

அப்படியானால் எதிராளியின் சக்கரத்தில் இருப்பதால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது; ஆனால் அது காற்றில் இல்லை. முன்னால் இருப்பவரை நீங்கள் பார்க்கிறீர்கள். அவரால் உங்களைப் பார்க்க முடியாது. அவருடைய தோள் ஆடத் தொடங்குவது, கியரை ஒரு பல் எளிதாக்கும் ஓசை, சத்து ஜெல் பொட்டலத்தைக் கிழிக்கக் கை பின்பையை நோக்கிப் போவது, இவையெல்லாம் உங்களுக்குச் செய்தி. பாய வேண்டிய கணத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவர் அரை வினாடி தாமதமாக எதிர்வினை செய்கிறார். அந்த அரை வினாடியில் விழும் ஒரு சைக்கிள் நீள இடைவெளியை மூட அவர் தம் எல்லையைத் தாண்டி மிதிக்க வேண்டும். மலையில் ஒருவரை உடைப்பது சராசரி வேகம் அல்ல, இப்படித் திடீர்த் திடீரென்று வரும் வெட்டு வேகங்கள்தான். எல்லையைத் தாண்டிச் செலவழித்ததை ஏற்றத்தில் மீட்க முடியாது. சமதளத்தில் முடியும், ஏனென்றால் அங்கே ஒளிந்துகொள்ள ஒரு முதுகு கிடைக்கும்.

கொண்டை ஊசி வளைவும் இப்படி ஓர் ஆயுதம். வளைவின் உட்பக்கம் தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. வெளிப்பக்கம் தூரம் அதிகம், ஆனால் சரிவு குறைவு. களைத்தவர் வெளிப்பக்கமாகத் தம் தாளத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் சுற்றுவார்; தாக்க நினைப்பவர் உட்பக்கமாக எழுந்து நின்று மிதித்து, வளைவு முடியும் இடத்தில் இரண்டு சைக்கிள் நீளம் முன்னால் தெரிவார். எதிராளி வெளிப்பக்கம் போக முடிவெடுத்துவிட்ட பிறகு உட்பக்கம் திரும்புவதுதான் இதன் நுட்பம். ஒன்பதாவது வளைவில் நானே இதில் பலமுறை தோற்றிருக்கிறேன்.

ஆகவே கோபித் தம்பி, என் விடை இதுதான்: டெல் டோரோ துரத்தியிருக்க வேண்டிய இடம் அந்த ஏற்றமேதான். அங்கே துரத்துவது மலிவு. அதைத் தவறவிட்டு உச்சியைக் கடந்து, செஸ்ட்ரியரேக்குப் போகும் மென்மையான ஏற்றத்தில் வேகம் கூடியவுடன் காற்று மீண்டும் கணக்குக்குள் வந்துவிடுகிறது. அங்கே யேட்ஸுக்கு முன்னால் வான் ஆர்ட் போன்ற ஒரு மதில் இருக்கிறது. யேட்ஸின் அணி முன்கூட்டியே ஆளை அனுப்பி வைத்தது இந்தப் பதினைந்து கிலோமீட்டருக்காகத்தான். உச்சிக்கு முன்பே பிடிக்காவிட்டால் பிறகு பிடிக்கவே முடியாது என்பது அன்று காலையிலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.


காற்றாலை (பல்லடம்) – பதில்

ஆசிரியை அம்மாவின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போனவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்ஸின் மூன்று வாரப் பந்தயமான டூர் டி ஃபிரான்ஸ், 2022, பதினொன்றாம் கட்டம், ஜூலை 13. கலிபியே மலைப் பகுதியில் யோனஸ் விங்கேகோரும் ப்ரிமோஸ் ரோக்லிச்சும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். முதலிடத்துக்குரிய மஞ்சள் ஜெர்சியில் இருந்த தாடே பொகாச்சர் இருவரின் ஒவ்வொரு பாய்ச்சலையும் தாமே சென்று மூடினார். ரோக்லிச் ஐந்தாம் கட்டத்திலேயே 2 நிமிடத்துக்கும் மேல் இழந்து பின்தங்கியிருந்தவர். அவரைச் சற்று முன்னால் போக விட்டிருக்கலாம். பொகாச்சர் விடவில்லை. அதன் விலையைக் கடைசி ஏற்றமான கொல் து கிரானோனில் கொடுத்தார். 11.3 கிலோமீட்டர், 9.2 சதவீதம், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் மீதமிருக்கையில் விங்கேகோர் புறப்பட்டபோது பொகாச்சரின் கால்களில் பதில் இல்லை. அன்று 2 நிமிடம் 51 வினாடி இழந்தார். ஜெர்சியும் போயிற்று, அந்த ஆண்டின் டூரும் போயிற்று. இதைத் திரையில் பார்த்து வளர்ந்த ஓர் இளைஞர், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஓடக் கூடாது என்று எச்சரிக்கையாக இருந்ததை நான் குற்றமாகக் கருதவில்லை.


கல்லாறு (மேட்டுப்பாளையம்) – பதில்

தாமதமாக வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றையொன்று வெட்டவில்லை என்றே நான் நினைக்கிறேன். பாய்ச்சலுக்குப் பதில் பாய்ச்சல் செய்வது ஒன்று. முன்னால் போய்ச் சீராக இழுப்பது வேறு. பொகாச்சர் செய்தது முதலாவது. டெல் டோரோ செய்திருக்க வேண்டியது இரண்டாவது. அதைச் செய்து காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே யாரும் அவர் பெயரைச் சொல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

2011 டூர் டி ஃபிரான்ஸ், ஜூலை 21, பதினெட்டாம் கட்டம். முடிவுக்கு 60 கிலோமீட்டர் இருக்கையில் இஸோவார் ஏற்றத்தில் ஆண்டி ஷ்லெக் பாய்ந்தார். அவருடைய அணியினர் மோன்ஃபோரும் போஸ்துமாவும் முன்குழுவில் ஏற்கெனவே இருந்தார்கள்; 2025இல் வான் ஆர்ட் செய்த அதே வேலை அன்று அவர்களுடையது. கலிபியே ஏற்றத்தில் ஷ்லெக்கின் முன்னிலை நான்கு நிமிடத்தைத் தாண்டியது. பின்னால் இருந்த குழுவில் மஞ்சள் ஜெர்சியுடன் வொக்லேர், கான்டடோர், ஆண்டியின் அண்ணன் ஃபிராங்க் ஷ்லெக், இன்னும் பலர். யாரும் முன்னால் வரவில்லை. ஃபிராங்க் தம் தம்பிக்காக வர மாட்டார். மற்றவர்கள் தங்கள் தங்கள் கணக்குக்காக வரவில்லை.

அப்போது 34 வயதான கேடல் எவன்ஸ் கையை நீட்டி உதவி கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். தலையைக் குனிந்து, அந்த முழுக் குழுவையும் தம் முதுகில் கட்டிக்கொண்டு, எதிர்காற்றில் இழுத்தார். கிலோமீட்டர் கிலோமீட்டராக அவர் ஒருவரே முன்னால். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. அவருடைய முதுகில் ஏறி வந்த ஃபிராங்க் ஷ்லெக் கடைசியில் அவரை முந்தி இரண்டாவதாக வந்தார். எவன்ஸ் மூன்றாவது, இழந்தது 2 நிமிடம் 15 வினாடி. இழுக்காமல் இருந்திருந்தால் நான்கு நிமிடம் போயிருக்கும். இரண்டு நாள் கழித்து கிரனோபிள் நேரப் பந்தயம் தொடங்கும்போது அவர் ஆண்டிக்கு 57 வினாடிதான் பின்னால். அன்று அதை மீட்டு, டூரை 1 நிமிடம் 34 வினாடி வித்தியாசத்தில் வென்றார். கலிபியேயில் தம்மை முந்திச் சென்றவரைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. எவரைத் தோற்கடிக்க வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார். எவரிடம் சிறிது தோற்றாலும் பரவாயில்லை என்பதிலும் தெளிவாக இருந்தார்.

இங்கேதான் டெல் டோரோவுக்கு நியாயமும் செய்ய வேண்டும். எவன்ஸுக்குப் பின்னால் ஒரு நேரப் பந்தயம் காத்திருந்தது. எவ்வளவு இழந்தாலும் தாங்கும் என்ற அளவுகோல் அவர் கையில் இருந்தது. 1964இல் பூய் தெ டோம் ஏற்றத்தில் ஜாக் ஆங்கெதிலுக்கும் அந்த அளவுகோல் இருந்தது. ரேமோன் புலிடோர்தான் அன்று மலையில் வலியவர். ஆனால் ஆங்கெதில் அவருடைய சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டவில்லை. தோளோடு தோள் உரசும்படி பக்கத்தில் ஏறினார். ஆசிரியை அம்மா சொன்னது போல, அந்தச் சரிவில் ஒட்டுவதால் பெரிய மிச்சம் இல்லை. பக்கத்தில் இருந்தாலோ தம் களைப்பைப் பார்க்கவிடாமல் மறைக்கலாம், "நான் இன்னும் இருக்கிறேன்" என்று காட்டலாம். புலிடோர் அதை நம்பினார். கடைசி ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பிறகே பிரிந்து சென்றார். ஆங்கெதில் இழந்தது 42 வினாடி. காலையில் இருந்த 56 வினாடி முன்னிலையில் 14 மிஞ்சியது. கடைசி நாள் நேரப் பந்தயம் அவருடைய கோட்டை. டூரை 55 வினாடியில் வென்றார்.

டெல் டோரோவுக்கு மறுநாள் இருந்தது ரோம் நகரின் ஊர்வலம் போன்ற சமதளக் கட்டம் மட்டுமே. இழந்ததை மீட்க வேறு நாள் இல்லை. அப்படி இருக்கும்போது அவர் தமக்குள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "கரபாஸ் என்னை முந்திவிடுவாரா?" என்பதல்ல, "யேட்ஸ் உச்சியில் எவ்வளவு முன்னால் இருந்தால் என்னால் தாங்க முடியும்?" என்பதே. விடை, ஒரு நிமிடத்துக்குக் குறைவு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முன்னால் போயிருந்தால் கரபாஸ் அவர் முதுகில் வந்திருப்பார், கடைசியில் பாய்ந்துமிருப்பார், ஒருவேளை பத்து, இருபது வினாடி எடுத்திருப்பார். கையில் 43 இருந்ததே. அதைச் செலவழிக்கத்தான் அந்த 43 வினாடி.

கரபாஸைப் பொறுத்தவரை அவருக்கு இழுக்க வேண்டிய கடமை குறைவு. இரண்டாம் இடத்தில் இருந்து முதலிடத்துக்குப் போக அன்று அவர் செய்ய வேண்டியதை அடிவாரத்திலேயே செய்தார். ஜெர்சியை அணிந்தவரே அதைக் காக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் பழைய வழக்கம். "நீதானே ஜெர்சியில் இருக்கிறாய், நீ இழு" என்று சக்கரத்துக்குப் பின்னால் இருப்பவர் சொல்லாமலே சொல்லுகிறார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, யேட்ஸ் அந்த வாய்ப்புக்காகக் கரபாஸின் முதல் பாய்ச்சலுக்கு ஓடாமல், தம் வேகத்தில் பொறுமையாக ஏறினார் என்பதையும் கவனியுங்கள். 2018இன் நொறுங்கல் அவருக்குக் கற்பித்தது அதுவாகவே இருக்கும்.

கோபித் தம்பி, உங்கள் அரவேணுக் கதைக்கு வருகிறேன். உங்கள் மூவரில் யாரிடம் தோற்றால் உங்களுக்கு அன்றிரவு தூக்கம் வராது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்துகொண்டு ஏறிப் பாருங்கள்.


கோபிக்காரன் (கோபிசெட்டிபாளையம்) – பதில்

பெரியவருக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. எவன்ஸின் அந்தக் கட்டத்தை நான் பார்த்ததே இல்லை. நேற்றிரவு தேடிப் பிடித்துப் பார்த்தேன். கையை நீட்டிக் கேட்டுவிட்டு, பிறகு கேட்பதை நிறுத்திக்கொள்ளும் அந்த இடத்தில் நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இன்று ஞாயிறு. அதே மூவர், அதே கோத்தகிரிச் சாலை. குஞ்சப்பனைக்கு மேலே மூன்றாமவர் மீண்டும் பிரிந்தார். இந்த முறை நான் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை. பாய்ந்து பிடிக்கவும் முயலவில்லை. முன்னால் இருப்பவரின் முதுகு மரங்களுக்கிடையே தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, பேச முடியாத, ஆனால் தாங்கக்கூடிய ஒரு மூச்சில் இழுத்தேன். முதல் பத்து நிமிடம் இடைவெளி குறையவே இல்லை. அந்தப் பத்து நிமிடம்தான் கொடுமை. பின்னால் இருப்பவரின் சங்கிலி ஓசை என் காதுக்கு அருகிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சிரமப்படுகிறாரா, சேமிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு தேயிலைச் சரிவுகள் தொடங்கும் இடத்தில் முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வளைவில் மீண்டும் பார்த்தார். அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அரவேணுவுக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் முன்னால் அவரை எட்டி, நிற்காமல் கடந்தேன்.

கடைசி வளைவில் என் சக்கரத்தில் இருந்தவர் என்னை முந்தினார். டீக்கடைப் பலகையில் அவருக்கும் எனக்கும் இடையே ஆறு வினாடி. நான் இரண்டாவது. அக்கா சொன்னதை நினைவில் வைத்திருந்தும், அவர் எப்போது எழுந்து நின்றார் என்பதே எனக்குத் தெரியவில்லை.


கல்லாறு (மேட்டுப்பாளையம்) – பதில்

மிக்க மகிழ்ச்சி, தம்பி. அந்தக் கடைசி வளைவை நான் நன்கு அறிவேன்; உட்பக்கம் தார் உடைந்து சரளை கிடக்கும். நீங்கள் வளைவுக்குள் நுழையும்போது எந்தப் பக்கம் இருந்தீர்கள்? அவர் உங்களை உட்பக்கமாகக் கடந்தாரா, வெளிப்பக்கமாகக் கடந்தாரா?